சேலைக்கு மேல் ஒரு சட்டை

"நான் வாங்கிக் குடுக்கற துணி எதையும் என் வீட்டுக்காரி உடுத்தறதில்லீங்கம்மா" என்றார் மருதாசலம்.

மங்கையர்க்கரசி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன துணி?"

மருதாசலத்துக்கு முகம் மலர்ந்தது. அவருக்குப் பிடித்த பேச்சு அது. மானாவாரிப் பருத்தியில் நூற்றுக் கையால் நெய்து, அவுரியில் சாயம் போட்ட சேலை. மாதுளைத் தோலில் நிறம் ஏற்றிய இன்னொரு சேலை. அதற்கு ஏற்ற ரவிக்கைத் துணி. நூற்றவர்கள், நெய்தவர்கள் யாரும் வயிறு காய்ந்து வேலை செய்ததில்லை. சாயத் தண்ணீர் எந்த வாய்க்காலிலும் இறங்கியதில்லை. வருடக் கணக்கில் உழைக்கும். அத்தனையும் பீரோவுக்குள் மடித்தது மடித்தபடி கிடக்கிறது.

"அவங்க எதைத்தான் உடுத்தறாங்க?"

"ஏதோ ஒரு பூனம் சேலை. அதுக்கு மேல என்னோட பழைய சட்டை."

"சட்டையா?"

"தோட்டத்துல வேலை செய்யற பொம்பளைக எல்லாம் அப்படித்தானுங்களே. வெயிலுக்கும் வெண்டைக்காய்ச் சுணைக்கும் சேலை மேல ஒரு ஆம்பளைச் சட்டையை மாட்டிக்குவாங்க."

"அப்ப ஒரு சட்டை வாங்கிக் குடுங்கண்ணா."

மருதாசலம் சிரித்தார். மங்கை சிரிக்கவில்லை. ஒரு கொட்டையைப் பிதுக்கித் தட்டில் போட்டார்.

ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மருதாசலம் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், படி இறங்கினார். இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்து, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"தை முடிஞ்சதும் ஈரோட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறாளாமா. எப்ப வருவேன்னு சொல்லலை. வருவாளான்னும் தெரியலை."

மங்கையின் கை நின்றது.

"இதை மொதல்ல சொல்லியிருக்கலாம்ணா."

"அதுக்கு என்னங்கம்மா பண்றது?"

"சட்டை வாங்குங்க."

*

மங்கைக்கு நாற்பது வயது இருக்கும். மருதாசலத்தைவிட ரொம்ப இளையவர். கோயமுத்தூரில் நர்ஸாக இருந்துவிட்டு வேலையை விட்டவர். மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டிய ஓட்டு வீட்டுக்குக் குடிவந்த பிறகு, வியாழக்கிழமைகளில் நாலைந்து பேர் தேடி வர ஆரம்பித்தார்கள். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. மங்கை உபதேசம் செய்வதில்லை. வந்தவர்கள் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுப்பார். கேட்டதற்குப் பதில் சொன்னாலும் சொல்வார்.

மருதாசலம் அவரை அம்மா என்று கூப்பிடுவார். மங்கை இவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

மருதாசலம் கெட்ட மனிதர் அல்ல. பம்பு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒருமுறை ஒரு விவசாயியின் போர்வெல்லில் புது மோட்டாரை இறக்கி சுவிட்சைப் போட்டார்கள். தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் வந்தது. எங்கோ தள்ளியிருந்த சாயப்பட்டறையின் தண்ணீர். விவசாயி மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "மோட்டார் நல்லா இழுக்குதுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை மருதாசலத்தை விடவில்லை.

அன்றிலிருந்து எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது, யார் தைத்தது, அந்தச் சாயம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று விசாரித்தார். விசாரித்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னார். காபி குடிக்கும்போது சொன்னார். சாப்பிடும்போது சொன்னார். தன் தங்கை மகள் கல்யாணத்துக்காக அவள் ஆசையாக எடுத்து வந்த பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் பட்டுப்புழு என்ன பாடுபடும் என்று சொன்னார்.

வசந்தாமணி கேட்டுக்கொண்டாள். சாதாரணச் சேலையில் கல்யாணத்துக்குப் போய் வந்தாள். அதற்குப் பிறகு தனக்கென்று அவள் ஒரு ஜாக்கெட் பிட்டுகூட எடுக்கவில்லை.

பணி ஓய்வு பெற்றதும் மருதாசலம் நல்ல விதமாக வாழ வேண்டும் என்று தோட்டம் வாங்கினார். மருந்தடிக்காமல் வெண்டை போட்டார். போட்டார் என்றால், போடலாம் என்று முடிவு செய்தார். பறிக்கிறவள் வசந்தாமணி.

*

கோயமுத்தூரில் ஒரு சந்துக்குள் ஜெயசீலி என்பவர் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் தையல். மருதாசலம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போனார்.

"பருத்தி எங்க வாங்கறீங்க?"

ஜெயசீலி சொன்னார்.

"சாயத் தண்ணியை என்ன செய்யறீங்க?"

அதையும் சொன்னார்.

"தைக்கறவங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறாங்க?"

"நீங்களே உள்ள போய்க் கேளுங்க."

மருதாசலம் உள்ளே போய்க் கேட்டார். திருப்தியாக வெளியே வந்தார். ஒரு சட்டையை எடுத்துப் பிரித்துத் தையலை இழுத்துப் பார்த்தார். இரட்டைத் தையல். அக்குளில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்திருந்தது. கிழிந்தால் கொண்டு வாருங்கள், நாங்களே தைத்துத் தருவோம் என்றார் ஜெயசீலி. இப்படி ஒரு கடையை மருதாசலம் வருடக் கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்.

"சட்டை வேணும். என் மனைவிக்கு. தோட்டத்துல சேலை மேல போடறதுக்கு."

ஜெயசீலி யோசித்தார்.

"ஆம்பளைச் சட்டை எல்லா சைஸும் இருக்குங்க. பொம்பளைகளுக்குக் குர்தி இருக்கு. சேலை மேல போடற மாதிரி இப்ப ரெடியா ஒண்ணும் இல்லை. அப்படி ஒண்ணு வேணும்னு இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலை. எனக்கும் தோணலை." அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. "அளவு குடுங்க, தைச்சுத் தரோம்."

"மீடியம் இருக்கும்."

"இருக்கும்னா?"

"நடுத்தர உடம்பு."

"தோள் எவ்வளவுங்க?"

மருதாசலம் இரண்டு கைகளையும் விரித்து ஒரு அகலம் காட்டினார். அது அவருக்கே சந்தேகமாக இருந்தது. கொஞ்சம் குறுக்கினார்.

"கை நீளம்? கைய மேல தூக்கி வேலை செய்வாங்களா, குனிஞ்சு செய்வாங்களா? பட்டன் எல்லாம் போடுவாங்களா, தெறந்து விடுவாங்களா? சேலைக்கு மேலன்னா இடுப்புல கொசுவம் இருக்கும். அங்க எவ்வளவு எடம் வேணும்?"

மருதாசலம் கைகளைக் கீழே இறக்கினார்.

"அளந்துட்டு வரேன்" என்றார்.

*

அளப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அவளிடம் சொல்லாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தார். பிரித்துப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வசந்தாமணி அடுப்படியில் குனிந்து எதையோ வழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். தோளுக்கு நேராகக் கயிற்றைப் பிடித்தார்.

அவள் திரும்பினாள்.

"என்னங்க கயிறு?"

"கொடி கட்டலாம்னு."

வசந்தாமணி அவரைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"கட்டுங்க" என்றாள்.

மருதாசலம் வெளியே போய் முருங்கை மரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் ஒரு கொடி கட்டினார்.

*

வியாழக்கிழமை மங்கை வீட்டுக்கு வெளியே மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மருதாசலத்தின் கையிலும் ஒரு வைக்கோல் பிரியைக் கொடுத்தார். மருதாசலம் தேய்க்க ஆரம்பித்தார்.

"அளவு தெரியலீங்கம்மா."

"கேளுங்க."

"சொல்லாம வாங்கிக் குடுத்தா சந்தோஷமா இருக்கும்னு பாக்கறேன்."

"யாருக்கு?"

மருதாசலம் மாட்டின் முதுகைத் தேய்த்தார். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் தேய்த்தார். மாடு நகர்ந்து நின்றது.

"அவங்க போடற சட்டையை ஒரு நாள் நீங்க போட்டு வேலை செஞ்சு பாருங்க" என்றார் மங்கை.

"அது என் சட்டைதானுங்களே."

"அப்ப சரியா இருக்கும்."

*

சட்டை மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கும். மறுநாள் விடிந்தும் விடியாமல் மருதாசலம் அதை எடுத்தார்.

நீலக் கோடு போட்ட சட்டை. ஒரு காலத்தில் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போனது. கையை நுழைத்தார். தோளில் பிடித்தது. இழுத்தார். வரவில்லை.

வெளியே வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பார்த்தார்.

தோளில் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது. இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் வெட்டி, பழைய சேலைக் கரையை முக்கோணமாக வைத்து அகலப்படுத்தியிருந்தது. மணிக்கட்டில் பட்டனை எடுத்துவிட்டு நாடா கோத்திருந்தது. இழுத்தால் சுருங்கிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். மார்புப் பையைப் பிரித்து உள்பக்கமாக வைத்துத் தைத்திருந்தது. இடது கைத் துணி தேய்ந்து சல்லடையாக இருந்தது. வலது கை அவ்வளவு தேயவில்லை.

அது அவர் சட்டையாகவே இல்லை.

மூச்சை இழுத்துப் பிடித்து எப்படியோ மாட்டிக்கொண்டார். முன்பக்கம் பட்டன் சேரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.

வசந்தாமணி வந்து பார்த்தாள்.

"அதை எதுக்குங்க போட்டீங்க? கிழிஞ்சிருமே."

"இன்னிக்கு நான் பறிக்கறேன்."

"நீங்களா?"

"ஆமா."

சட்டை இல்லாமல் வெண்டைக்குள் நுழைய முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தாள். கொடியில் மருதாசலத்தின் அவுரிச் சாயச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மங்கை வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவர் போடுகிற சட்டை. அதை உருவி எடுத்துச் சேலை மேல் மாட்டினாள்.

மருதாசலம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

அவளுக்கு அது தொளதொளவென்று இருந்தது. கை நீண்டு விரலை மூடியது. அவள் இரண்டு கையையும் வெடுக்கென்று உதறி மேலே ஏற்றிவிட்டு, குனிந்து பறிக்க ஆரம்பித்தாள். அந்தச் சட்டையில் அவள் சின்னப் பெண்போல இருந்தாள். மருதாசலம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பறிக்கறேன்னீங்க" என்றாள் வசந்தாமணி.

பறித்தார். சட்டைக் கை மேலே மேலே ஏறியது. வெண்டையின் சுணை மணிக்கட்டில் பட்டது. முதலில் தெரியவில்லை. பிறகு அரித்தது. பிறகு எரிந்தது.

"எலைக்கு அடியில பாருங்க. மேலாப்புல பாத்துட்டே போனா பாதிக் காய் நின்னு முத்திரும்."

இலையை விலக்கிப் பார்த்தார். அவள் பக்கத்து வரிசையில் போய்க்கொண்டிருந்தாள். கத்தி அவளுடைய இடது கையில் இருந்தது.

"உனக்கு இடக்கையா வசந்தா?"

"சோறு திங்க மட்டுந்தான் வலது. எங்கம்மா அடிச்சுப் பழக்கினாங்க. மத்த எல்லாத்துக்கும் இடதுதான்." அவள் காயை வெட்டிக் கூடையில் போட்டாள். "உங்களுக்குத் தெரியாதா?"

மருதாசலம் குனிந்துகொண்டார். ஒரே செடியில் வெகுநேரம் காய் தேடினார்.

வெயில் ஏறியது. சட்டையின் உள்பையில் ஏதோ குத்துவதுபோல இருந்தது. கையை விட்டு எடுத்தார். முள்வாங்கி ஒன்று. விரல் அறுபட்டால் சுற்றிக்கொள்ள வெள்ளைத் துணி கொஞ்சம். அப்புறம் அவருடைய பிரஷர் மாத்திரை அட்டை.

தினமும் டிபனுக்குப் பிறகு அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அவள் வருவாள், மாத்திரையை நீட்டுவாள். தண்ணீரும் நீட்டுவாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்வார். அது எங்கேயிருந்து வருகிறது என்று அவர் யோசித்ததில்லை.

"பசியோட போடாதீங்க" என்றாள் வசந்தாமணி. அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்திருந்தாள். "தூக்குல இட்லி இருக்கு. தின்னுட்டுப் போடுங்க."

*

மத்தியானம் அவருடைய இரண்டு கைகளும் முழங்கைவரை சிவந்து தடித்திருந்தன. வசந்தாமணி தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தேய்த்துவிட்டாள்.

அவருடைய நல்ல சட்டையை அவள் இன்னும் கழற்றவில்லை. அதன் முன்பக்கம் முழுக்கப் பச்சைக் கறை.

"சட்டை பாழாப் போச்சு" என்றாள்.

"போகட்டும்."

அவள் தேய்ப்பதை நிறுத்தி ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"எதுக்கு ஈரோட்டுக்குப் போற?" என்றார் மருதாசலம்.

வசந்தாமணி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

"அங்க என்னை ஏதாச்சும் கேப்பாங்க."

"என்ன கேப்பாங்க?"

"என்ன வேணா கேப்பாங்க. டீ வேணுமா காபி வேணுமான்னு கேப்பா. எந்தப் பக்கம் படுத்துக்கறேன்னு கேப்பா. அப்படித்தான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று மருதாசலத்துக்குத் தோன்றியது.

"இங்க நீங்க நெறைய சொல்றீங்க" என்றாள் அவள். "நல்லதுதான் சொல்றீங்க."

அவர் கையை அவரிடமே திருப்பிக் கொடுப்பதுபோல மடியில் வைத்துவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

*

அடுத்த வியாழக்கிழமை மங்கை விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மருதாசலம் எதுவும் சொல்லாமல் இரண்டு கைகளையும் நீட்டினார். தடிப்பு வற்றியிருந்தது. சிவந்த தடம் இருந்தது.

மங்கை கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நர்ஸ் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"எண்ணெய் போட்டது யாரு?"

"அவதான்."

"சட்டை அளவு தெரிஞ்சுதா?"

"இல்லீங்கம்மா." மருதாசலம் தலை குனிந்தார். "அளவு மட்டும் இல்லை. எதுவுமே தெரியலை. கல்யாணமாயி முப்பது வருஷத்துக்குப் பக்கமாச்சு."

"நல்லது."

"நல்லதுங்களா?"

மங்கை ஒரு விறகை எடுத்து அடுக்கின்மேல் வைத்தார்.

"தெரியும்னு நெனைச்சிருந்தா கேக்க மாட்டீங்களே."

மருதாசலம் செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது. இன்னொன்றைக் கால் தானாகத் தேடி மாட்டிக்கொண்டது.

"சாப்பிட்டுப் போங்கண்ணா" என்றார் மங்கை.

அவர் அதற்குள் ஓடையைத் தாண்டியிருந்தார்.

*

"வசந்தா, என்கூட ஒரு கடைக்கு வரயா?"

"என்ன கடை?"

"உனக்குச் சட்டை. தோட்டத்துக்குப் போட்டுக்க. சொல்லாம வாங்கிட்டு வரலாம்னு பாத்தேன். முடியலை."

வசந்தாமணி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"அந்தக் கயிறு அதுக்குத்தானா?"

"ஆமா."

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரிய ஒரு நிமிடம் ஆனது.

ஜெயசீலி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றார். மருதாசலம் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்படி வேணுங்க?" என்றார் ஜெயசீலி.

"எதுன்னாலும் சரிங்க" என்றாள் வசந்தாமணி.

"அப்படிச் சொன்னா தைக்க முடியாதுங்க. போடப்போறது நீங்க. சொல்லுங்க."

வசந்தாமணி மருதாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடையின் பருத்தியைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தவள்போல இருந்தது. அவர் தம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் மெல்ல ஆரம்பித்தாள். காலர் ஒசரமா இருக்கணுமுங்க, கழுத்துல வெயில் படாம. கொஞ்சம் நிறுத்தினாள். பட்டன் வேண்டாம், செடியில மாட்டிக்குது, கொக்கி இருந்தா பரவால்ல. இடது கைக்கு ரெட்டைத் துணி வெக்க முடியுமுங்களா? பொம்பளைக்கும் பாக்கெட்டு வேணுமுங்க. நெறைய வெக்கற மாதிரி, குனிஞ்சா கொட்டாத மாதிரி. அக்குள்ல காத்து போகணும். பால் குடுக்கற புள்ளைக சில பேரு வேலைக்கு வருவாங்க, அவங்களுக்குத் தைச்சா முன்னால வேற மாதிரி தெறப்பு வெக்கணும், ஆம்பளைச் சட்டையில அதுக அவ்வளவு சிரமப்படுதுங்க.

அவள் பேசப் பேச ஜெயசீலி எழுதிக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து தையல் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "எங்கம்மாவும் எங்கப்பா சட்டையத்தாங்க போடுவாங்க" என்றாள். வசந்தாமணி அவளைப் பார்த்து, "இப்படிக் குனிஞ்சே உக்காந்து தைச்சா உனக்குக் கழுத்து வலிக்காதா கண்ணு?" என்று கேட்டாள். வலிக்கும் என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் அவர்கள் கழுத்து வலியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

மருதாசலம் தம் மனைவி இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அல்லது பேசியிருப்பாள். இவர் கேட்டதில்லை.

ஜெயசீலி அளவெடுத்தார். தோளில் நாடா விழுந்தபோது வசந்தாமணி நிமிர்ந்து நின்றாள். ஜெயசீலி வாய்விட்டுச் சொன்ன அளவை மருதாசலம் காதில் வாங்கிக்கொண்டார்.

"எப்பங்க கெடைக்கும்?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"புது மாதிரி இல்லீங்களா. வெட்டிப் பாத்து, ஒருவாட்டி துவைச்சுப் பாத்து, அப்பறந்தான் தைக்கணும். மாசி பாதி ஆயிரும். நீங்க ஊர்ல இருப்பீங்களா?"

வசந்தாமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

மருதாசலம் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"ஈரோட்டுக்குக் கூரியர்ல அனுப்பிருங்க. இவ தங்கச்சி வீட்டுல இருப்பா." செருமிக்கொண்டார். "அங்கயும் வெண்டை போட்டிருக்காங்க. தேவைப்படும்."

ஜெயசீலி பேனாவை எடுத்தார். "அட்ரஸ் சொல்லுங்க."

மருதாசலம் மனைவி பக்கம் திரும்பினார்.

"உன் தங்கச்சி வீடு எந்தத் தெரு, வசந்தா? எனக்குத் தெரியலை."

வசந்தாமணி அவரையே பார்த்தாள். எங்கேயோ பார்த்த ஆளை, எங்கே என்று நினைவு வராமல் பார்ப்பதுபோல.

பிறகு ஜெயசீலியிடம் திரும்பினாள்.

"இன்னொரு சட்டையும் வேணுமுங்க. இவருக்கு. வெண்டைக்காய் பறிக்க இவர்கிட்ட ஒண்ணும் லாயக்கா இல்லை."

"அப்ப அவருக்கும் அளவு எடுத்தரலாம்."

"வேண்டாமுங்க. நான் சொல்றேன்."

சொன்னாள். தோள், மார்பு, கை. கழுத்துக்கு ஒரு விரல் தளர்வு விட வேண்டும், இறுக்கினால் பிடிக்காது. வலது தோள் இடதைவிட ஒரு நூல் இறங்கியிருக்கும், அந்தப் பக்கம் கையைக் கொஞ்சம் சுருக்கித் தைக்க வேண்டும். மருதாசலம் தம் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டையும் கூரியர்ல போட்டரவா?" என்றார் ஜெயசீலி.

"வேண்டாமுங்க. தங்கச்சி வீட்டுல ஒரு வாரம், பத்து நாள் இருந்துட்டு வந்துருவேன். நானே வந்து வாங்கிக்கறேன்."

ஜெயசீலி தாளில் எதையோ அடித்துவிட்டு எழுதினார். துணிக் கட்டுகளைக் காட்டினார்.

"அவருக்கு என்ன கலர் போடலாம்?"

வசந்தாமணி ஒரு கட்டைத் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். சொல்லப்போனவள் நின்றாள். அவள் முகத்தில் லேசாக ஒரு வெட்கம் வந்து போனது.

"ஏனுங்க" என்று மருதாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன கலருங்க புடிக்கும்?"